இணைப்பின் முதல் பத்து பாக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் மாலை நேரத்தில் நெட்வொர்க் வகுப்பு எடுக்கிறேன். பகலில் இரண்டு மூன்று தேயிலை பாக்டரி, ஒரு பள்ளிக்கூடம், சில தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் இணைய வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதும், பாக்டரியில் கணக்குப் பார்ப்பவர் கேட்பதும் பல நேரம் ஒரே சந்தேகமாக இருக்கிறது: லைன் வேகமாக இருந்தும் பக்கம் ஏன் உடனே வருவதில்லை? இதற்குப் பதில் சொல்லப் போனால் பேச்சு தொடக்கச் சாளரத்தில்தான் வந்து நிற்கிறது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில் இருக்கின்றன.

அக்கா, தொடக்கச் சாளரம்னா என்ன? நெரிசல் சாளரம்னு வேற சொல்றீங்க, ரெண்டும் ஒண்ணா?

இலை ஏஜென்ட் ஒருவர் புது பாக்டரிக்கு முதல் நாள் பச்சைத் தேயிலை அனுப்புகிறார் என்று வையுங்கள். அங்கே தொட்டியில் எவ்வளவு இடம் காலி, வழியில் ரோடு எப்படி, எதுவும் அவருக்குத் தெரியாது. நூறு மூட்டையையும் ஏற்றிவிட்டால் இடமில்லாமல் வெளியே கிடந்து இலை சூடேறிவிடும். அதனால் பத்து மூட்டை மட்டும் அனுப்புகிறார். எடை போட்ட சீட்டு ஒவ்வொன்றாகத் திரும்பி வர வர, சீட்டு ஒன்றுக்கு இரண்டு மூட்டையாக அனுப்புகிறார்.

இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் விதிமுறைக்கு டிசிபி என்று பெயர். டிசிபி இணைப்பும் இப்படித்தான் நடக்கிறது. மூட்டை என்பது பாக்கெட், அதாவது தரவின் ஒரு துண்டு; சீட்டு என்பது 'கிடைத்தது' என்று மறுமுனை அனுப்பும் ஒப்புகை. ஒப்புகை வராத பாக்கெட் ஒரு நேரத்தில் எத்தனை வழியில் இருக்கலாம் என்பதற்கு அனுப்புபவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் வரம்புதான் நெரிசல் சாளரம். இணைப்பு போகப் போக அது கூடும், குறையும். முதல் ஒப்புகை வருவதற்கு முன், ஒன்றும் தெரியாத நிலையில், அது எந்த எண்ணில் ஆரம்பிக்கிறதோ அந்த எண் தொடக்கச் சாளரம். இன்று பெரும்பாலான சர்வர்களில் அது 10.

ஏம்மா, 50 எம்பிபிஎஸ் லைன் போட்டிருக்கோம். ஸ்பீடு டெஸ்ட்ல 50 காட்டுது. ஒரு சின்னப் பக்கம் திறக்க ஏன் இவ்வளவு யோசிக்குது?

ஸ்பீடு டெஸ்ட் பல இணைப்புகளைத் திறந்து, பல வினாடி ஓடி, சாளரம் நன்றாக விரிந்த பிறகு கிடைக்கும் வேகத்தைக் காட்டுகிறது. சின்னப் பக்கம் சாளரம் விரிவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதனால் அந்த 50-ஐ அது தொடுவதே இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60,000 பைட் பக்கம் ஒன்று. ஒரு பாக்கெட்டில் வழக்கமாக 1,460 பைட் தரவு போகும், ஆக 42 பாக்கெட். பாக்கெட்டுகள் போய் ஒப்புகை திரும்பி வருவது ஒரு சுற்று. முதல் சுற்றில் 10, அடுத்ததில் 20, மூன்றாவதில் மீதி 12. சர்வருக்குப் போய்வர 60 மில்லி வினாடி என்றால் பக்கத்துக்கு மட்டும் மூன்று சுற்று, 180 மில்லி வினாடி. அதற்கு முன் இரண்டு முனையும் இணைப்பைத் தொடங்கிக்கொள்ளும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒரு சுற்று, பூட்டுச் சின்னம் போட்ட இணைப்பு என்பதால் தரவை மறைத்து அனுப்பும் டிஎல்எஸ் 1.3-க்கு இன்னொரு சுற்று. மொத்தம் ஐந்து சுற்று, 300 மில்லி வினாடி. அதே 60,000 பைட்டை 50 எம்பிபிஎஸ் வேகத்தில் கொட்டினால் 10 மில்லி வினாடிகூட ஆகாது. மீதி நேரமெல்லாம் சீட்டுக்காகக் காத்திருந்த நேரம்தான். லைனை 100 எம்பிபிஎஸ் ஆக்கினால் அந்தக் காத்திருப்பில் ஒன்றும் குறையாது.

இது ஒரே ஒரு பக்கக் கோப்புக்கான கணக்கு. அந்தப் பக்கம் வேறு நான்கு இடத்திலிருந்து எழுத்துருவும் விளம்பரமும் இழுத்தால் ஒவ்வொரு இடத்துக்கும் புது இணைப்பு, ஒவ்வொன்றும் முதலிலிருந்து.

நாம மலை மேல இருக்கோம்ல, கீழேயிருந்து நெட் ஏறி வர்றதாலதான் லேட்டா?

இல்லை. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சாலை வழியாக ஏறக்குறைய 33 கிலோமீட்டர். கேபிள் அதே வழியில் வந்தாலும் ஒளிக்கு ஒரு மில்லி வினாடியில் ஆறில் ஒரு பங்குதான் ஆகும். ஏற்றம், இறக்கம், கொண்டை ஊசி வளைவு எதுவும் ஒளிக்குப் பொருட்டில்லை. நேரம் போவது வேறு இடங்களில்: சர்வர் வேறு நாட்டில் இருக்கலாம், போனுக்கும் டவருக்கும் நடுவே ரேடியோ முறை வைத்துக் காத்திருக்கலாம், எங்கோ ஒரு குறுகலான லைனில் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கலாம். மலையில் இருப்பதால் நமக்கு வரும் நிஜமான கஷ்டம் இந்த மூன்றாவதுதான். பல ஊர்களுக்கு ஒரே லைன், மாற்று வழி கிடையாது. மண் சரிந்தால் அதுவும் இல்லை.

இந்த 10-ஐ யார் முடிவு பண்றது? என் போனா, சர்வரா, நெட் கம்பெனியா? பூஸ்டர் ஆப் போட்டா கூடுமா?

அனுப்புபவர்தான் முடிவு செய்கிறார். நீங்கள் பக்கம் திறக்கும்போது தரவை அனுப்புவது சர்வர், அதனால் சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் உள்ள எண்தான் செல்லும். நீங்கள் போட்டோ ஏற்றும்போது அனுப்புவது போன், அப்போது போனில் உள்ள எண். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கர்னல்தான், அங்கேயும் 10. நெட் கம்பெனி நடுவில் தனியாக ப்ராக்ஸி, அதாவது இரு பக்கத்துக்கும் பதிலாகப் பேசும் இடைக் கணினி, வைத்திருந்தாலொழிய இந்த எண்ணில் கை வைக்க முடியாது.

பெறுபவர் பக்கமும் ஒரு சாளரம் உண்டு. 'என்னிடம் இவ்வளவு இடம் இருக்கிறது' என்று மறுமுனை அறிவிக்கும் அளவு அது. இரண்டில் எது சிறியதோ அதற்கு மேல் அனுப்ப முடியாது. அதனால் பெறுபவர் குறைக்கலாம், கூட்ட முடியாது. பூஸ்டர் ஆப்புக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஏன் 10? ஒன்பதோ பன்னிரண்டோ ஏன் இல்லை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே இருந்த இணைப்பு திடீரென்று படுத்துவிட்டது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கஜம். 32 கேபிபிஎஸ் ஓடிய இடத்தில் 40 பிபிஎஸ். இத்தனைக்கும் லைன் அறுந்துபோகவில்லை. ஒவ்வொரு கணினியும் கையில் இருந்ததை ஒரே மூச்சில் கொட்டியது; வழியில் விழுந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. கடைசியில் வழி முழுக்க ஏற்கெனவே அனுப்பிய பாக்கெட்டுகளின் நகல்கள். அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் எழுதிய தீர்வில்தான் மெதுவான தொடக்கம் வருகிறது: ஒரே ஒரு பாக்கெட்டில் ஆரம்பி, ஒப்புகைக்கு ஒன்று கூட்டு.

அந்த 1 பல வருடம் இருந்தது. 1999-இல் ஆர்எஃப்சி 2581 (இணைய விதிகளை எழுதிவைக்கும் ஆவண வரிசைதான் ஆர்எஃப்சி) இரண்டு வரை அனுமதித்தது. 2002-இல் ஆர்எஃப்சி 3390 அதை ஏறக்குறைய 4,380 பைட் ஆக்கியது, அதாவது 1,460 பைட் பாக்கெட் மூன்று. பிறகு 2010-இல் கூகுளில் நந்திதா துக்கிபாட்டியும் உடன் வேலை செய்தவர்களும் நிஜமான இணையப் போக்குவரத்திலேயே பெரிய சாளரத்தை ஓட்டிப் பார்த்தார்கள். 10 வைத்தபோது பக்கங்களுக்கான பதில் நேரம் சராசரியாக 10 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. திரும்ப அனுப்ப வேண்டிவந்த பாக்கெட்டின் பங்கு அரை சதவீதம் அளவுக்குக் கூடியது. 2011 மே மாதம் வந்த லினக்ஸ் 2.6.39-இல் 10 இயல்பான எண் ஆனது. 2013-இல் ஆர்எஃப்சி 6928 அதை எழுத்தில் வைத்தது.

10-க்குப் பின்னால் சூத்திரம் எதுவும் இல்லை. அன்றைய பக்கங்களில் பலவற்றை ஒரே சுற்றில் முடிக்கப் போதுமானது, அன்றைய மெலிந்த லைன்களும் தாங்கக்கூடியது, அவ்வளவுதான். அனுப்புபவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. குன்னூரில் ஃபைபர் வைத்திருப்பவரா, மஞ்சூர் பக்கம் ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்பவரா என்று தெரியாத நிலையில், மெலிந்தவர் தாங்கும் அளவிலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம். நான் இதை முழு மனதோடு நம்புகிறேன்.

அப்போ நம்ம சர்வர்ல நேரா 100 வச்சுட்டா என்ன? நம்ம சர்வர், நம்ம இஷ்டம்தானே?

சர்வர் நம்முடையது. வழி எல்லோருக்கும் பொது.

நானே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பாக்டரியின் சர்வரில் 40 வைத்தேன். பாக்டரி ஆபீஸில் உட்கார்ந்து சோதித்தபோது பக்கங்கள் பளிச்சென்று வந்தன, சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். அந்த பாக்டரியிலிருந்து கீழ்க்கோத்தகிரி பக்கம் ஓர் இலை எடை ஷெட்டுக்கு 2 எம்பிபிஎஸ் ரேடியோ இணைப்பு போகிறது. எடை போடுபவரும் சூப்பர்வைசரும் பேசிக்கொள்வதும் அதன் வழியாகத்தான். இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் சொன்னார்: "பேசும்போது நடு நடுவே வார்த்தையை முழுங்குதும்மா. 'முப்பத்தி' மட்டும் கேக்குது, முப்பத்தி எத்தனைன்னு தெரியல."

நான் போய் ஷெட்டில் நின்று பார்த்தேன். மர பெஞ்சில் தராசு, பக்கத்தில் ஈரச் சாக்கு, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பீக்கர் போன். எடை போடுபவர் டேப்லெட்டில் பக்கம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கரில் குரல் அறுந்தது. 40 பாக்கெட் என்பது 58,400 பைட். 2 எம்பிபிஎஸ் லைனில் அது வடிய 0.23 வினாடி. பேச்சு 20 மில்லி வினாடிக்கு ஒரு பாக்கெட்டாக வருகிறது. ஆக பதினோரு பேச்சுப் பாக்கெட்டுகள் அந்தக் கும்பலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. தப்பு என்னுடையது. பக்கம் திறக்கும் நேரத்தை ஆபீஸில் மட்டும் அளந்தேன், ஷெட்டில் அளக்கவில்லை.

10-க்குத் திரும்பினேன். அதுவே அந்த லைனில் 58 மில்லி வினாடி வரிசை கட்டும். ஆனால் குரல் அறுபடவில்லை. அப்புறம் ரேடியோவுக்கு முன்னால் இருக்கும் ரவுட்டரில் எஃப்க்யூ-கோடல் என்ற வரிசை முறையைப் போட்டேன். அது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை வைத்து முறை கொடுக்கும், பேச்சு பின்னால் நிற்க வேண்டியதில்லை. நெரிசலைக் கட்டுப்படுத்த வேண்டிய இடம் பெரும்பாலும் அதுதான், சாளர எண் இல்லை.

எந்த லைனுக்கு எவ்வளவு சாளரம் போதும்னு கணக்கு இருக்கா மேடம்?

இருக்கிறது. லைனின் வேகத்தைப் போய்வரும் நேரத்தால் பெருக்குங்கள். வழியில் ஒரே நேரத்தில் எவ்வளவு தரவு இருக்க முடியும் என்பது கிடைக்கும். 2 எம்பிபிஎஸ், 70 மில்லி வினாடி என்றால் 17,500 பைட், 12 பாக்கெட். தொடக்கத்து 10 அந்த லைனை ஏறக்குறைய நிரப்பிவிடுகிறது. 50 எம்பிபிஎஸ், 60 மில்லி வினாடி என்றால் 3,75,000 பைட், 257 பாக்கெட். அங்கே 10 என்பது நூற்றில் நான்கு பங்கு. 10, 20, 40, 80, 160, 320 என்று ஆறாவது சுற்றில்தான் அந்த லைன் நிரம்பும்.

ஆக, வேகமான லைன் வைத்திருப்பவருக்கு 10 குறைவு, மெதுவான லைன் வைத்திருப்பவருக்கு அது போதும் போதும் என்று இருக்கிறது. ஒரே எண் இரண்டு பேருக்கும் சரியாக இருக்க வழியில்லை.

லினக்ஸ்ல இதை எப்படிப் பார்க்கிறது, எப்படி மாத்துறது?

பார்ப்பதற்கு 'எஸ்எஸ்' கட்டளையை டி, ஐ என்ற இரண்டு தெரிவுகளோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் சிவிண்ட் என்று ஓர் எண் வரும், அதுதான் நெரிசல் சாளரம். புது இணைப்பில் 10 என்றும், கொஞ்ச நேரம் ஓடியதில் அதற்கு மேலும் இருக்கும். வகுப்பில் ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே அந்தக் கட்டளையை வினாடிக்கு ஒரு தடவை ஓட்டிக் காட்டுவேன். எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் இந்தப் பாடத்தை மறப்பதில்லை.

மாற்றுவது 'ஐபி ரூட்' கட்டளையில். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் இனிட்-சிவிண்ட் என்று தனி எண் கொடுக்கலாம். இது நல்ல வசதி: பாக்டரிக்குள் இருக்கும் வேகமான நெட்வொர்க்குக்கு 20 வைத்து, ஷெட்டுக்குப் போகும் வழிக்கு 10-ஐ விட்டுவைக்கலாம். முழு சர்வருக்கும் ஒரே எண்ணைத் தூக்கி வைக்காதீர்கள். காரணம் மேலே 100-ஐப் பற்றிய பதிலில் இருக்கிறது.

வெப் பக்கத்தை 14 கேபிக்குள்ள வைக்கணும்னு சொல்றாங்களே, அது இதனாலதானா?

ஆமாம். 10 பெருக்கல் 1,460, 14,600 பைட். சுருக்கி அனுப்பிய பிறகு முதல் கோப்பு அதற்குள் அடங்கினால் ஒரே சுற்றில் வந்துவிடும். பதிலோடு சேர்ந்து போகும் தலைப்புக் குறிப்புகளும் டிஎல்எஸ் உறையும் கொஞ்சம் தின்னும், அதனால் 14 கேபி என்று சொல்கிறார்கள். பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை வழியாக வரும் லைனில் பாக்கெட்டுக்கு 1,452 பைட்தான், புதிய முகவரி முறையான ஐபிவி6-இல் 1,440. பெரிய வித்தியாசம் இல்லை.

14-ஐத் தாண்டினால் குடிமுழுகிவிடாது, ஒரு சுற்று கூடும். ஆனால் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் பலர் முகப்பிலேயே பள்ளத்தாக்குப் படம் ஒன்றை 3 எம்பி அளவில் வைக்கிறார்கள். வாடகையும் போன் நம்பரும் அந்தப் படத்துக்கு முன்னால் வரட்டும். சாலையில் வண்டியை நிறுத்தி ஒற்றைக் கோடு சிக்னலில் அறை தேடுகிறவருக்கு வேண்டியது அந்த இரண்டும்தான்.

சர்டிபிகேட்டும் இந்த 10-க்குள்ள கணக்கா?

ஆமாம். டிஎல்எஸ் கைகுலுக்கலில் சர்வர் தன் சான்றிதழ்ச் சங்கிலியை, அதாவது தான் யார் என்று நிரூபிக்க ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் சான்றிதழ்களை, அனுப்புகிறது. அதுவும் டிசிபிக்குத் தரவுதான், அதே சாளரத்துக்குள்தான் போக வேண்டும். மூன்று பாக்கெட் காலத்தில் சங்கிலி 4,380 பைட்டைத் தாண்டினால், பக்கத்தில் ஓர் எழுத்துக்கூட வருவதற்கு முன் ஒரு சுற்று வீணாகும். 10 வந்த பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. தேவையில்லாத சான்றிதழ்களைச் சங்கிலியில் தொங்கவிடாமல் இருப்பது இன்றும் நல்லது. அது ஏன் என்பது கீழே ஹெச்டிடிபி 3 பற்றிய பதிலில் இருக்கிறது.

மழை நாள்ல சில பக்கம் சரியா ஒரு வினாடி சும்மா நின்னுட்டு அப்புறம் வருது. அதுவும் சாளரமா?

பெரும்பாலும் அது சாளரம் இல்லை. இணைப்பைத் தொடங்கும் முதல் பாக்கெட்டே தொலைந்திருக்கும். அதற்கு முன் எந்த அளவும் கையில் இல்லாததால் டிசிபி ஒரு வினாடி காத்திருந்து மறுபடி அனுப்புகிறது. 2011-க்கு முன் அது 3 வினாடி, ஆர்எஃப்சி 6298 அதைக் குறைத்தது.

சாளரத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பழைய விதிப்படி அந்த முதல் பாக்கெட் தொலைந்தால் 'வழி நெரிசலாக இருக்கிறது' என்று முடிவுகட்டி ஒரே பாக்கெட்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு வினாடி காத்ததும் போக, மேலே சொன்ன 60,000 பைட் பக்கத்துக்கு மூன்று சுற்றுக்குப் பதில் ஆறு. ஆர்எஃப்சி 6928 இதைத் தளர்த்தி, ஒரு தடவை தொலைந்ததற்காகச் சாளரத்தைச் சுருக்க வேண்டாம், பல தடவை தொலைந்தால் சுருக்கு என்றது. ரேடியோ வழியில் பாக்கெட் விழுவது சகஜமான நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது உண்மையான உதவி.

பாக்கெட் விழுற லைன்ல சாளரம் சின்னதா இருந்தாத்தானே நல்லது?

அப்படித்தான் தோன்றும். ஆனால் ஒரு விஷயம் தலைகீழாக இருக்கிறது. ஒரு பாக்கெட் தொலைந்துவிட்டது என்று அனுப்புபவருக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பின்னால் போனவை சேர்ந்ததும் மறுமுனை 'முந்தையது வரவில்லை' என்று அதே ஒப்புகையைத் திரும்ப அனுப்பும். அப்படி மூன்று வந்தால் உடனே தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பலாம். சாளரம் 3 என்றால், முதல் பாக்கெட் தொலைந்தபோது பின்னால் போனவை இரண்டுதான். மூன்று சமிக்ஞை கிடைக்காமல் காலம் கடக்கும்வரை காத்திருக்க நேரலாம். சாளரம் 10 என்றால் பின்னால் ஒன்பது பாக்கெட் இருக்கின்றன, தொலைந்தது சீக்கிரம் தெரிந்துவிடும்.

கடைசிப் பாக்கெட்டுகள் தொலைந்தால் இரண்டிலும் கஷ்டம்தான். அதற்காகப் பிறகு வந்த ரேக் என்ற முறை, ஆர்எஃப்சி 8985, இன்றைய லினக்ஸில் இருக்கிறது. ஆக, சிறிய சாளரம் எப்போதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. வரிசை நீளும் லைனுக்கு அது நல்லது. அங்கங்கே பாக்கெட் விழும் லைனுக்குப் பத்தே மேல்.

எங்க எடை ஆப் காலையில இருந்து ஒரே இணைப்பைத்தான் வச்சிருக்கு. அப்போ சாளரம் பெருசாவே இருக்கணுமே? ஏன் ஒவ்வொரு போட்டோவும் மெதுவாவே ஏறுது?

இணைப்பு கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் விரிந்த சாளரத்தை நம்ப முடியாது. நீங்கள் சும்மா இருந்த நேரத்தில் வழியில் வேறு யார் வந்தார்கள் என்று தெரியாது. அதனால் ஆர்எஃப்சி 5681 படி, மறுபடி அனுப்பக் காத்திருக்கும் கால அளவைவிட நீண்ட நேரம் சும்மா இருந்தால் தொடக்கச் சாளரத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு மூட்டைக்கும் அடுத்த மூட்டைக்கும் நடுவே அரை நிமிடம் போனால் அடுத்த போட்டோ 10-இலிருந்துதான். லினக்ஸில் 'ஸ்லோ ஸ்டார்ட் ஆஃப்டர் ஐடில்' என்ற அமைப்பை அணைத்தால் இது நிற்கும்.

அணைக்கலாமா? கணக்கைப் பார்ப்போம். 2,00,000 பைட் போட்டோ, 137 பாக்கெட், 10-இலிருந்து நான்கு சுற்று. 70 மில்லி வினாடி வீதம் 0.28 வினாடி. ஆனால் 2 எம்பிபிஎஸ் லைனில் அந்த போட்டோவை ஏற்றவே 0.8 வினாடி ஆகும். உங்கள் ஷெட்டில் தடை லைனின் வேகம்தான், சாளரம் இல்லை. அணைப்பதை விட போட்டோவைச் சின்னதாக்குங்கள். சீட்டில் எடையும் தேதியும் படிக்கத் தெரிந்தால் போதும், 40,000 பைட் தாராளம்.

ஹெச்டிடிபி 3 வந்தப்புறம் டிசிபியே இல்லையே, இந்தப் பாடம் இன்னும் எதுக்கு?

ஹெச்டிடிபி 3 என்பது பக்கங்களைக் கேட்டு வாங்கும் முறையின் புதிய பதிப்பு. அதற்குக் கீழே, டிசிபியின் இடத்தில் இருக்கும் க்விக்கும் அனுப்புபவர்தானே. வழி தெரியாத நிலை அதற்கும் அதேதான். 2021-இல் வந்த ஆர்எஃப்சி 9002 அதற்கும் 10 பாக்கெட் என்றே பரிந்துரைக்கிறது, உச்சம் ஏறக்குறைய 14,720 பைட்.

இதில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு உண்டு. பொய்யான முகவரியிலிருந்து கேள்வி அனுப்பி வேறொருவர் மேல் தரவைக் கொட்டவைக்கும் தாக்குதலைத் தடுக்க, எதிரில் இருப்பவர் உண்மையானவர் என்று உறுதியாகும்வரை, தான் பெற்றதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் சர்வர் அனுப்பக்கூடாது. போன் அனுப்பும் முதல் பாக்கெட் குறைந்தது 1,200 பைட். ஆக சர்வர் 3,600 பைட்டோடு நிற்க வேண்டிவரலாம். சான்றிதழ்ச் சங்கிலி அதைத் தாண்டினால் ஒரு சுற்று கூடும். மேலே சங்கிலியைச் சின்னதாக வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

எஸ்டேட்ல சாட்டிலைட் டிஷ் வச்சிருக்காங்க. அங்க 10 போதுமா?

புவிநிலை செயற்கைக்கோள் என்றால் உயரம் 35,786 கிலோமீட்டர். ஏறி இறங்கி, பதிலும் ஏறி இறங்க, ஒளிக்கே 0.48 வினாடி ஆகிறது. ஐந்து சுற்றுப் பக்கம் 2.4 வினாடிக்குக் குறையாது. அங்கே 10 கஷ்டம்தான். அதனால்தான் அந்தச் சேவைகளில் நடுவில் ப்ராக்ஸி வைத்து டிசிபி இணைப்பை இரண்டாக உடைக்கும் வழக்கம் இருக்கிறது. 550 கிலோமீட்டர் போன்ற தாழ்ந்த உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே போய்வரும் நேரம் தரைவழி லைனுக்குக் கிட்ட வந்துவிடுகிறது.

கடைசியா ஒண்ணு அக்கா. நேத்து இதே சர்வரோட நல்லா பேசினோம், 200 பாக்கெட் வரைக்கும் போச்சு. இன்னைக்கு அதை ஞாபகம் வச்சு 200-லயே ஆரம்பிக்கலாமே?

இந்த யோசனை 1997-இலேயே ஆர்எஃப்சி 2140-இல் எழுதப்பட்டது. 2021-இல் ஆர்எஃப்சி 9040 அதைப் புதுப்பித்தது. லினக்ஸும் ஒரு முகவரியோடு பேசி முடித்த பிறகு போய்வந்த நேரம் போன்ற சிலவற்றைக் குறித்து வைக்கிறது. போய்வரும் நேரத்தைக் கைகுலுக்கலிலேயே அளந்துவிடலாம். அளக்க முடியாதது வழி எவ்வளவு தாங்கும் என்பதுதான், அதற்குத்தான் ஞாபகம் வேண்டும் என்கிறீர்கள். சரிதான்.

சிக்கல் என்னவென்றால், சர்வருக்குத் தெரிவது உங்கள் போன் இல்லை, முகவரி. மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி4 முகவரி ஒன்றின் பின்னால் பல போன்கள் இருக்கின்றன. நேற்று 200 வரை போனது கோத்தகிரி மார்க்கெட்டில், டவருக்கு நேர் கீழே நின்ற யாரோ ஒருவரின் போனாக இருக்கலாம். இன்று அதே முகவரியில் வருவது கட்டபெட்டு தாண்டி ஒரு வளைவில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் போன். அவள் திறப்பது பிளஸ் டூ ரிசல்ட் பக்கம். 200 பாக்கெட்டை ஒரே அடியாக அந்த ரேடியோவில் கொட்டினால் அவளுடைய வரிசையும் நிறையும், அதே பஸ்ஸில் அதே டவரைப் பிடித்திருக்கும் மற்றவர்களுடையதும் நிறையும். 10 போனால் முதல் சுற்றிலேயே மதிப்பெண் வந்துவிடும். அந்தப் பக்கம் 14 கேபிக்குள் இருந்தால்.